மூன்றுக்கு மேல்

ஜூன் 10, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தவர் பெர்பெத். பிசியோதெரபிஸ்ட். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க பெர்பெத் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். இன்று பயிற்சி முடிந்ததும் காப்பி போடலாம் என்று எழுந்தேன். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, உங்களுக்கு என்ன?"

"இடுப்பு வலி மேடம். ஏழு மாசமா இருக்கு. டிஸ்க்குன்னு பெல்ட் குடுத்துருக்காங்க."

"பெல்ட்டுக்குக் கேட்டுச்சா?"

"வேர்க்குரு வந்துச்சு."

சிரித்தார். "எங்க வலிக்குன்னு ஒத்த விரலால தொட்டுக் காட்டுங்க. கைய வச்சுத் தடவக் கூடாது. ஒரே விரல்."

வலது தொடையின் வெளிப்பக்கம், மேலே எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தைத் தொட்டேன். அதே இடத்தில் அவர் கட்டைவிரலால் அழுத்தினார். நான் சுவரோடு சாய்ந்துவிட்டேன்.

"இதையா டாக்டர்ட்ட இடுப்புன்னு சொன்னீங்க?"

"பெறகு என்னன்னு சொல்லுவாங்க?"

அவரும் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். நமக்கு விலாவுக்குக் கீழ எல்லாமே இடுப்புதான். சேலை செருகுற எடமும் இடுப்பு, கொடம் வைக்கிற எடமும் இடுப்பு. நீங்க இடுப்புன்னதும் அவர் முதுகெலும்பப் படம் எடுத்துருக்காரு. அறுபது வயசுல யாரப் படம் எடுத்தாலும் டிஸ்க் கொஞ்சம் தேஞ்சுதான் இருக்கும்."

தேய்மானம் இருந்தது உண்மை. மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. நான் சொன்ன சொல்லுக்கு அவர் வைத்தியம் பார்த்தார்.

எலும்புக்கும் தசைக்கும் நடுவில், உராயாமல் இருக்க, வழவழப்பான நீர் கொண்ட சின்னப் பை ஒன்று உண்டாம். அது வீங்கியிருக்கிறதாம். பர்சைட்டிஸ் என்று பெயர் சொன்னார். "ஆளக் கொல்லாது. ஓய்வு குடுத்தா போயிரும். குடுக்கலன்னா உக்காந்துக்கிடும்."

தினமும் காலையும் மாலையும் வலிக்கு ஓர் எண் எழுத வேண்டும். பூஜ்ஜியம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் தாங்க முடியாது. எண் மட்டும் போதும் என்றார். முப்பத்தோரு வருடம் அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடை எழுதியவள் நான். எண்ணை மட்டும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. அது ஏன் வந்தது என்றும் பக்கத்தில் எழுதிவைப்பேன்.

"கூட்டியும் போடாதீங்க, கொறச்சும் போடாதீங்க."

"நான் போட்ட எடைய எந்த சூப்பர்வைசரும் திருத்துனதில்ல மேடம்."

கட்டிலிலிருந்து அவர், "இந்தா" என்றார்.

"என்னய்யா, என்னையவா கூப்பிடுதீங்க?" என்றார் பெர்பெத்.

முப்பத்தெட்டு வருடமாக அவர் என்னைக் கூப்பிட்டது அப்படித்தான். அமிர்தகனி என்ற பெயரை அவர் வாயால் ரேஷன் கடையில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு மிஞ்சியது அந்த ஒரு சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் இந்தா. மின்விசிறியை நிறுத்தவும் இந்தா. இன்று பெர்பெத்துக்கும் அதுவே.

வலி: காலை 7, மாலை 8.

ஜூன் 11, செவ்வாய்

ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி மூன்று வேளை வைத்தேன், வேளைக்குப் பதினைந்து நிமிடம். நேராகத் தோலில் வைக்கக் கூடாது. மூன்றாவது வேளை ஒன்பது நிமிடம்தான் வைக்க முடிந்தது. அவர் கூப்பிட்டார்.

வலி: 7, 7.

ஜூன் 13, வியாழன்

வலி ஏன் வருகிறது என்றும் எழுதுவேன் என்றிருந்தேன். இன்று கவனித்தேன்.

அவரை ஒரு நாளில் ஒன்பது தடவை தூக்குகிறேன். கட்டிலிலிருந்து கழிப்பறை நாற்காலிக்கு, அங்கிருந்து கட்டிலுக்கு, குளிக்க, வெயிலில் உட்கார, திரும்பப் படுக்க. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். எண்பத்து நான்கு கிலோ. என் எடை ஐம்பத்தொன்று. அவருடைய இடது கையை என் கழுத்தில் போட்டு, என் வலது காலை ஊன்றி, அவரை வலது பக்கத்தில் சாய்த்துக்கொண்டு திரும்புவேன். கைக்குழந்தையை ஒக்கலில் வைப்பது போலத்தான். வேறு முறை எனக்குத் தெரியாது.

தூக்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்கிறார். இதையும் இன்றுதான் கவனித்தேன். எடை குறையும் என்று நினைக்கிறார் போல.

வலி: 7, 8.

ஜூன் 16, ஞாயிறு

சாத்தூரிலிருந்து ஜெயக்கொடி வந்தாள். அவருடைய தங்கை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் இந்த வீட்டில் யார் பார்ப்பது என்ற கேள்வி இரண்டு பெயர்களில் முடிந்துவிடும். ஜெயக்கொடிக்கு வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. ஆக, ஒரு பெயர்.

வரும்போதே கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்தாள். அண்ணன் வாயில் சின்னத் துண்டாக ஒடித்து வைத்தாள்.

"இந்தா" என்றார்.

"ஏண்ணே, நான் ஒன் பொண்டாட்டியா? ஜெயான்னு சொல்லு பாப்போம்."

"இந்தா."

"வெளங்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுக்களைக்குள் வந்து மெல்லப் பேசினாள். "மதினி, கோவிச்சுக்கிடாதீங்க. எட்டயபுரம் ரோட்டுல சிஸ்டர்மாரு நடத்துற ஒரு ஹோம் இருக்கு. என் நாத்தனா மாமனார அங்கதான் வச்சுருந்தாங்க. சுத்தமா இருக்கு. உங்களுக்குக் கொஞ்சம் முடியுறவரைக்கும்..."

"எனக்கு முடியாமப் போனா பாப்போம்."

"இப்ப முடியுதாக்கும்? நொண்டி நொண்டில்ல நடக்கீங்க."

"ஜெயா, அவரு ஒரு வார்த்த பேசுறாரு. அது என்னைக் கூப்பிடுற வார்த்த. கொண்டுபோயி ஊரார்ட்ட விட்டுட்டு வரச் சொல்லுதியா?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் சொன்னது எனக்கே நன்றாக இருந்தது. அதனால் எழுதிவைக்கிறேன்.

வலி: 7, 7.

ஜூன் 24, திங்கள்

பெர்பெத் வந்தார். எண்களைப் பார்த்தார். எதுவும் ஏழுக்குக் கீழே வரவில்லை.

"படுக்கிறது எப்படி?"

காட்டினேன். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய். தெற்கே தலை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அவர் முகம் தெரியும். கண்ணைத் திறந்தால் அவர் விழித்திருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

"அந்தப் பை மேலயே ஏழு மணி நேரம் படுத்துக்கிட்டு ஐஸ் வச்சு என்னக்கா செய்ய? இடது பக்கம் திரும்பிப் படுங்க. பாயில மெத்தையப் போடுங்க. ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒரு தலகாணி."

"இடது பக்கம் திரும்புனா செவருல்ல தெரியும்."

"அப்ப தலையையும் காலையும் மாத்திப் படுங்க. இடது பக்கம் படுத்தாலும் அவரப் பாக்கலாம்."

"வடக்கவா தல வைக்கச் சொல்லுதீங்க?"

பெர்பெத் என்னையே பார்த்தார். "வடக்க தல வச்சா என்னக்கா வரும்?"

"அது பொணத்த வைக்கிற தெச மேடம்."

"நான் மாதா கோயிலுக்குப் போறவ, எனக்குத் தெச கெடையாது. உங்களுக்கு எமன் வாராரோ இல்லையோ, வலி வந்து உக்காந்துருக்கு. யோசிச்சுக்கிடுங்க."

செய்யக் கூடாதவை என்று சிலவற்றைச் சொன்னார். தரையில் சம்மணம் போடக் கூடாது. ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கக் கூடாது. படி ஏறுவதைக் குறைக்க வேண்டும். ஒரு பக்கமாக எடை தூக்கவே கூடாது. அவருடைய மூன்று கால் கைத்தடியை நான் எடுத்துக்கொள்ளலாமாம், ஆனால் இடது கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கம் பிடிப்பது தப்பாம். பிறகு ஒரு பயிற்சி. இடது பக்கம் படுத்து, முழங்காலை மடக்கி, வலது முழங்காலை மட்டும் சிப்பி திறக்கிற மாதிரி திறந்து மூட வேண்டும். பத்து தடவை. இடுப்போரத்துத் தசை பலப்பட்டால் இது திரும்ப வராதாம்.

"ஆள் வச்சுப் பாத்தீங்களா?"

இரண்டு பேரை வைத்தோம். ஒருவர் எட்டு நாள் இருந்தார். இன்னொருவர் மூன்று நாள்.

வலி: 8, 8.

ஜூன் 25, செவ்வாய்

வடக்கே தலை வைத்துப் படுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கால் தெரிந்தது.

வலி: 7, 7.

ஜூலை 2, செவ்வாய்

காலை ஆறு பத்து. கழிப்பறை நாற்காலிக்கு அவரைத் தூக்கித் திரும்பும்போது என் வலது கால் இல்லாமல் போனது. வலித்தது என்று சொல்ல முடியாது. கால் அங்கே இல்லை. இருவரும் விழுந்தோம். நான் வலது பக்கம் விழுந்தேன், அவர் என்மேல்.

என்னால் அவரை நகர்த்த முடியவில்லை. அவரால் நகர முடியாது. மாடி வீட்டு ரத்னபாய் தண்ணீர் மோட்டார் போட எட்டு ஐந்துக்குக் கீழே வந்தாள். அதுவரை அப்படியே கிடந்தோம். சிறுநீர் அவருக்கு வந்துவிட்டது. என் சேலையும் நனைந்தது. முதலில் சூடாகவும் பிறகு குளிர்ச்சியாகவும் இருந்தது. அவர் என் காதோடு "இந்தா, இந்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பத்தொன்று வரை எண்ணினேன். அழுதார். நான் அழவில்லை. மின்விசிறியின் இறக்கையில் தூசி கனமாகப் படிந்திருப்பதைப் பார்த்தேன். அந்த இரண்டு மணி நேரமும் நான் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

"அய்யய்யோ அமிர்தக்கா, ஒரு சத்தம் குடுத்துருக்கக் கூடாதா? நான் மேலதான இருந்தேன்" என்றாள் ரத்னபாய்.

சத்தம் கொடுக்கத் தோன்றவில்லை.

வலி: 10, 10.

ஜூலை 3, புதன்

எலும்பு முறிவு இல்லை. எலும்பு டாக்டர் அந்த இடத்திலேயே ஊசி போட்டார். இந்த முறை இடுப்பு என்று சொல்லவில்லை, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினேன். குறைந்தது நான்கு வாரம் யாரையும் தூக்கக் கூடாது என்றார்.

பெர்பெத் போனில் கணக்கைத் தெளிவாகச் சொன்னார். நான்கு வாரத்துக்குப் பிறகு, வலி மூன்றும் அதற்குக் கீழுமாகத் தொடர்ந்து ஏழு நாள் இருந்தால் தூக்கலாம். சரியான முறையில் தூக்க அவரே சொல்லித் தருவார். ஏழு நாளில் ஒரு நாள் மூன்றைத் தாண்டினாலும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

ஜெயக்கொடி வந்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. அவருடைய வேட்டிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.

வலி: 9, 8.

ஜூலை 6, சனி

இல்லத்தில் விட்டு வந்தோம். எட்டுக் கட்டில் உள்ள கூடம். அவருக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மின்கம்பம் இருக்கிறது. அவருக்குப் பொழுது போகும் என்றாள் ஜெயக்கொடி.

கொண்டுபோனவை: வேட்டி ஆறு, துண்டு நான்கு, ரப்பர் விரிப்பு இரண்டு, மாத்திரைப் பெட்டி, சவரக் கத்தி, கண்ணாடி.

அவர் பக்கத்தில் குனிந்து சொன்னேன். "நாலு வாரம். எனக்கு வலி போனதும் கூட்டிட்டுப் போயிருவேன்." நான்கு விரலைக் காட்டினேன். அவர் விரல்களைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினார். கட்டைவிரலை மடக்க அவருக்குச் சிரமமாக இருந்தது.

வலி: 8, 8.

ஜூலை 7, ஞாயிறு

ஏழு பத்துக்குத்தான் எழுந்தேன். சூரியன் அடுக்களை வரை வந்திருந்தது.

வலி: 6, 6.

ஜூலை 18, வியாழன்

பார்க்கப் போனேன். கைத்தடியை இடது கையில் பிடித்துக்கொண்டு போனேன். பேருந்தில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

அவருக்குச் சவரம் செய்திருந்தார்கள். படுக்கைப் புண் இல்லை. அங்கே வேலை செய்யும் மரியதங்கம் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு வந்தாள்.

"நீங்கதான் ஒரிஜினல் இந்தாவா? தாத்தா இங்க எல்லாரையும் இந்தாங்காரு. மதர் வந்தாலும் இந்தாதான். நேத்து பிஷப் வந்தாரு, அவருக்கும் இந்தாதான்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், இடது பக்கம் மட்டும். பிறகு எனக்கு விரலைக் காட்டினார். இரண்டு விரல். மீதி இரண்டு வாரம் என்கிறார். அவருக்குக் கணக்குத் தப்பவில்லை.

சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்றாள் மரியதங்கம். பாதியில் வாயை மூடிக்கொள்கிறாராம்.

பயிற்சி இருபது தடவை. ஐஸ் இரண்டு வேளை.

வலி: 5, 5.

ஜூலை 25, வியாழன்

படுக்கும் அறையை முழுக்கக் கழுவிவிட்டேன். மெல்லத்தான் செய்தேன். கழிப்பறை நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன். வாடை போக மூன்று தடவை ஃபினாயில் ஊற்ற வேண்டியிருந்தது. சாயங்காலம் ரத்னபாய் உள்ளே வந்து, "வீடு மாதிரி இருக்குக்கா" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வலி: 4, 4.

ஆகஸ்ட் 1, வியாழன்

சனி 3, 3. ஞாயிறு 3, 3. திங்கள் 3, 2. செவ்வாய் 2, 2. புதன் 2, 1. இன்று 1, 1.

ஆறு நாள். ஜெயக்கொடி போன் செய்தாள்.

"நாளையோட ஏழு நாளாகுதுல்ல மதினி? ஞாயித்துக்கெழம வண்டி சொல்லிரட்டா? அண்ணன் வெரலக் காட்டிக் காட்டிக் கேக்காராம். மரியதங்கம் சொல்லுது."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கண் விழித்தபோது வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். எத்தனை நேரம் அப்படிப் படுத்திருந்தேன் என்று தெரியவில்லை. காப்பி போட்டு வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர் முழுவதையும் படித்தேன். விளம்பரங்களையும் படித்தேன். பிறகு போர்வைகளைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். மாடிக்குப் பதினெட்டுப் படி. இரண்டு தடவை ஏறி இறங்கினேன்.

பதினோரு மணிக்கு ஜெயக்கொடிக்குப் போன் செய்து வண்டி சொல்ல வேண்டாம் என்றேன்.

வலி: 6, 7.

ஆகஸ்ட் 7, புதன்

பெர்பெத் எனக்காகவே வந்தார். நோட்டை மடியில் வைத்து எண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், வெள்ளிக்கிழமையில் நிறுத்தினார்.

"ஒண்ணுல இருந்து நேரா ஆறா? அன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

"தண்ணி வாளி தூக்கினேன் மேடம்."

"சரி, படுங்க. அமுக்கிப் பாத்துருவோம்."

இடது பக்கம் படுத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"ஆ" என்றேன்.

"அக்கா, நான் இன்னும் கைய வைக்கலையே."

வெளியே யாரோ பழைய இரும்புக்கு விலை கூவிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரை போய் முடிந்தது. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு ஓர் இடத்தில் உரிந்திருந்தது.

பெர்பெத் என் சேலை விலகியிருந்ததை இழுத்துவிட்டார். எழுந்து போய் மேசையருகே உட்கார்ந்து எழுதினார். இன்னும் நான்கு வாரம் தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தார். வழக்கமாகக் குடிக்கும் காப்பியை வேண்டாம் என்றார். செருப்பை மாட்டும்போது மட்டும் கேட்டார்.

"அவர்ட்ட யாரு சொல்லுவா?"

"நான் சொல்லிக்கிடுதேன்."

வலி: 7, 7.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இல்லத்துக்குப் போகவில்லை. வலி அதிகம் என்று மரியதங்கத்திடம் போனில் சொல்லி, அவரிடம் சொல்லச் சொன்னேன். அவள் போனை அவர் காதில் வைத்தாள். எனக்கு அவருடைய மூச்சு கேட்டது. இன்னும் நான்கு வாரம் என்றேன். போனில் விரலைக் காட்ட முடியாது.

வலி: 7, 7.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ரத்னபாயோடு மொட்டை மாடியில் கூழ் வத்தல் பிழிந்தேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆறரைக்கே உட்கார்ந்தோம். ஒன்பது வரை சம்மணம் போட்டு உட்கார்ந்து பிழிந்தோம். ரத்னபாய்க்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கை கொடுத்து நான்தான் அவளைத் தூக்கிவிட்டேன். நான்கு வேட்டி நிறைய வத்தல். அவருடைய பழைய வேட்டிகள்தான், துவைத்தவை.

வலி: 6, 6.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஜெயக்கொடி வந்தாள். மேசைமேல் இருந்த நோட்டைப் புரட்டி எண்களை மட்டும் வாய்விட்டுப் படித்தாள். "ஏழு, ஏழு, ஆறு, ஆறு, ஏழு. என்ன மதினி இது, எறங்க மாட்டேங்குதே?"

நான் நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

"நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். "மாமியார கொழுந்தன் வீட்டுல ரெண்டு மாசம் வச்சுக்கிடுதேன்னுட்டாங்க. நான் இங்க வந்து நிக்கேன். நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அண்ணன வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோம்."

"ஒனக்கும் இடுப்பு போயிரும் ஜெயா."

"போகாது. அண்ணன நேத்து எடை போட்டாங்களாம். அறுபத்தேழு கிலோதான் இருக்காரு. முன்ன மாதிரி இல்ல மதினி. இப்பத் தூக்கிரலாம்."

ஏழு வாரத்தில் பதினேழு கிலோ. ஒரு பிள்ளைக்கு இப்படிக் குறைந்திருந்தால் நான் அதே நாளில் சூப்பர்வைசருக்குத் தகவல் அனுப்பியிருப்பேன்.

"அவரயே கேட்டுருவோம்" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போவோம். அவரு வாரேன்னா கையோட கூட்டிட்டு வந்துருவோம். இல்லன்னு ஏன் சொல்லப்போறாரு?"

அவளுக்குக் காப்பி கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். அவளும் அப்படியே குடித்துவிட்டாள்.

வலி: 7, 8.

ஆகஸ்ட் 31, சனி

கழிப்பறை நாற்காலியை முன்னால் கொண்டுவந்து கழுவிவைத்தேன். மெத்தை விரிப்பை மாற்றினேன். ஜெயக்கொடிக்காக இன்னொரு பாய் எடுத்து வெயிலில் போட்டேன்.

வலி: 7, 7.

செப்டம்பர் 1, ஞாயிறு

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கைத்தடியைக் கொண்டுபோனேன். ஜெயக்கொடி சொன்ன வண்டி சாத்தூரிலிருந்து வந்து வாசலில் நின்றது.

அவர் முகம் சிறியதாகிவிட்டது. பல்செட் பொருந்தாததால் கழற்றிவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் "இந்தா" என்றார். மரியதங்கம், "இன்னைக்குத்தான் தாத்தா சரியான ஆளக் கூப்பிட்டிருக்காரு" என்றாள்.

அவருக்கு இடது பக்கம், கட்டிலை ஒட்டி நின்றேன். ஜெயக்கொடி கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, வீட்டுக்குப் போவோமா? நானும் வாரேன். மதினியும் நானும் ஒன்னப் பாத்துக்கிடுவோம். வண்டி நிக்கி வெளிய."

அவர் ஜெயக்கொடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கைத்தடியைப் பார்த்தார். அவருடைய இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. நான் நிற்கும்போது அந்த இடம் அவருடைய கைக்கு நேர் உயரத்தில் இருக்கிறது. வலது தொடையின் வெளிப்பக்கம், எலும்பு முட்டும் இடம். நான் பக்கவாட்டில் திரும்பி நின்றிருந்தேன். சரியாக அந்த இடத்தில் கையை வைத்தார். யாரும் அவருக்குச் சொல்லியதில்லை. எனக்கு வலி வந்த நாளிலிருந்து கட்டிலில் கிடந்து பார்த்திருக்கிறார்.

தேய்த்துவிட்டார். மெதுவாக, வட்டமாக. உள்ளங்கை சூடாக இருந்தது. லைன்மேன் வேலையில் வந்த காய்ப்பு அப்படியே இருக்கிறது, சேலைக்கு மேலேயே தெரிந்தது. அழுத்தியும் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்கிறார்.

"வலிக்கு. விடுங்க" என்றேன்.

உடனே கையை எடுத்துவிட்டார்.

ஜெயக்கொடி திரும்பக் கேட்டாள். "போவோமாண்ணே?"

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. ஜெயக்கொடிக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு முறையும் ஆட்டினார். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு பாக்காரு மதினி" என்றாள் ஜெயக்கொடி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவர் இங்கேயே இருக்கட்டும் என்று சிஸ்டரிடம் அவள்தான் போய்ச் சொன்னாள்.

பார்வை நேரம் ஐந்து வரை. நான் நாலே காலுக்குப் புறப்பட்டேன். ஜெயக்கொடி வண்டியில் வந்து கோவில்பட்டியில் இறங்கிக்கொள்ளச் சொன்னாள். பேருந்திலேயே போய்க்கொள்கிறேன் என்றேன். பேருந்தில் இடமில்லை. கோவில்பட்டி வரை நின்றுகொண்டு வந்தேன்.

வலி: 8, 8.